இடது கெண்டைக்கால்

இந்த இடத்தில் ஒரு கமா வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்குக் கெண்டைக்காலில் வலி வீக்கம் சூடு தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், வலிக்கும் வீக்கத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் இடைவெளி. போட்டாயிற்று. வீக்கத்துக்குப் பிறகும் ஒன்று. அதையும் போட்டாயிற்று. எழுதியவர்கள் ஏதோ குளிர்நாட்டு டாக்டர்கள், அழகாக ஆராய்ச்சி செய்வார்கள், ஒழுங்காகக் கமா மட்டும் போட மாட்டார்கள், அதற்குத்தான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஏசி போட்டு எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். கல்யாணத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவள் நான், தலையில் பாதி நரைத்துவிட்டது, இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். மனுஷனுக்கு வரக்கூடிய வியாதி என்று ஒன்று இருந்தால் அதற்கு நான் கமா போட்டிருப்பேன். ஆனால் ஒரே வியாதி மேஜைக்கு மேலே எழுத்தாகவும் மேஜைக்கு அடியில் காலாகவும் இருப்பது இதுதான் முதல் தடவை. வலி. இருக்கிறது. வீக்கம். இருக்கிறது. சூடு. பேனா கீழே விழுந்தமாதிரி குனிந்து, சேலையை லேசாக ஒதுக்கி, ஏசிக்காகப் போடுகிற சாக்ஸைக் கீழே தள்ளி, இடது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் இறக்கிவைத்த பால் பாத்திரம்மாதிரி சுடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த வரிக்கு வந்தேன். அடுத்த வரியில் பிழை இல்லை.

பிழை இல்லை என்றால் அந்த வரி என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது, அதுதான் இந்த வேலையின் லட்சணம். அர்த்தத்தைப் படிக்காதீர்கள் என்று சேர்ந்த புதிதிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். அர்த்தத்துக்குள் போனால் கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், பிழை தப்பிவிடும், அர்த்தம் எழுதினவன் பாடு, எழுத்து உன் பாடு. நல்ல பாடம்தான். படித்துப் படித்து அது தோலோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயர் மனதில் நிற்காது, முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் புள்ளி விட்டுப்போயிருப்பது நிற்கும். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தால் செத்தது யார் என்று வீட்டுக்கு வந்து அவர்தான் சொல்ல வேண்டும், எனக்கு அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது மட்டும் தெரியும். அவர் சிரிப்பார். என் வீட்டுக்காரர், தட்சிணாமூர்த்தி. அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் முதன்முதலாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினாரே, அன்றைக்கு நான் என்ன செய்தேன்? சீட்டை வாங்கிப் பார்த்தேன். கிரியாட்டினின் என்ற வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஐயோ இதைக்கூடச் சரியாக எழுதவில்லையே என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், சத்தியமாக. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பெரிதாக இருக்காது போல என்று அந்த முகத்தைப் பார்த்து முடிவுசெய்துகொண்டு டாக்டரிடம் மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டார். மாத்திரை இல்லை சார், டயாலிசிஸ் என்றார் டாக்டர். அப்புறம்தான் எனக்கு அந்தச் சீட்டின் மற்ற எழுத்துகள் கண்ணில் பட்டன.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது கால் கனத்தது. செருப்பு வார் இறுக்கம் என்று வாரைத் தளர்த்தினேன். திங்கட்கிழமை நரம்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். நேற்று தைலத்துக்கும் அடங்கவில்லை, செருப்பையும் குறைசொல்ல முடியவில்லை, வயசு என்று சொல்லிப் பார்த்தேன். இன்று காலையில் கிருபாகரன் இந்தக் கட்டுரையை என் பெயருக்கு அனுப்பியிருக்கிறான். கிருபா எங்கள் டீம் தலைவன், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன், கோதைக்கா கோதைக்கா என்று பாசமாகத்தான் இருப்பான், பூங்கோதை என்று முழுப்பெயரைச் சொன்னால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். போன மாதம் மீட்டிங்கில் எல்லோரையும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். முதல் திருத்தம் இனிமேல் மென்பொருளே செய்துவிடும், நாம் அது செய்ததைச் சரிபார்த்தால் போதும், அதற்கு இத்தனை பேர் தேவைப்படாது, பாதிப் பேரை மேலிடம் தேர்ந்தெடுக்கும் என்றான். சொல்லும்போது அவன் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். அன்றிலிருந்து ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, வேலை நடந்தால் பச்சை, கையை எடுத்துச் சற்று நேரமானால் மஞ்சள். டீ குடிக்கப் போனாலும் மஞ்சள், பாத்ரூம் போனாலும் மஞ்சள். அந்த மஞ்சளை யாரோ எங்கேயோ கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் பயம். இந்தச் சமயத்தில் நான் போய், தம்பி, எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, லீவு வேண்டும் என்று நிற்பதா? வேலை போனால் சம்பளம் போகும், அதைக்கூட விடு, இன்சூரன்ஸ் போகும். கம்பெனி இன்சூரன்ஸில்தான் அவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் ஓடுகிறது. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் அந்த மிஷின் சுற்றும். எழுந்தால் நின்றுவிடும். வேறுமாதிரி யோசித்துப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது, கால் என்னுடையது, நாற்காலி அவருடையது.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, அந்தக் காலத்தில். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். வீட்டுக்கு வந்தாலும் நின்றுகொண்டுதான் காபி குடிப்பார், நடந்துகொண்டுதான் பேப்பர் படிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகூட எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பின்னால் வந்து காதுக்குப் பக்கத்தில் விசிலை ஊதிவிட்டு, "எழுந்திரிடி கோதை, நாற்காலிக்கே மூட்டு வலி வந்துடும் போல" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் என்னை இழுத்துக்கொண்டு நடப்பார், நான் பாதியிலேயே சுண்டல்காரனைப் பார்த்து நின்றுவிடுவேன். இவளுக்கு ஐம்பது வயசுக்குள் எல்லா வியாதியும் வரும், நான்தான் தூக்கிச் சுமக்கப் போகிறேன் என்று என் தங்கையிடம் சொல்லுவார். நான் அதை நம்பினேன். அவரும் நம்பினார். அதனால்தான் ரத்த அழுத்தம் என்று ஒன்றை அவர் ஒருநாளும் பார்த்துக்கொள்ளவில்லை, ஓடுகிறவனுக்கு எதற்கு என்று கேட்டார். ஓடிக்கொண்டே இருந்த மனுஷனின் உள்ளே அது சத்தம் போடாமல் தின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்தே கிடந்த எனக்கு ஒன்றும் வரவில்லை. அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது. டயாலிசிஸ் வார்டில் அவர் படுத்திருப்பார், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன், அங்கேயும் உட்கார்ந்திருக்கிறேன் பார் என்று தோன்றும். அவருடைய கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகப் போய்க் கழுவிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்தபடி நாலு மணி நேரம். இடையில் ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து, "எழுந்து ஒரு நடை நடந்துட்டு வாயேன்" என்பார். போகமாட்டேன். அவரை விட்டுவிட்டு நடக்க எனக்கு மனசு வரவில்லை.

மூட்டு, முதுகு, கண், கழுத்து, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆபீசில் அறிவுரை உண்டு. எச்.ஆரிலிருந்து ஒரு சுவரொட்டி அடித்து ஒட்டியிருக்கிறார்கள், நிமிர்ந்து உட்காருங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், திரையை விட்டுத் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள், மனதில் உள்ளதைச் சக ஊழியரிடம் பேசுங்கள். அதில் ஒரு பெண் படம், சிரித்துக்கொண்டே கையை மேலே தூக்கி நெட்டி முறிக்கிறாள். ஒட்டுவதற்கு முன் அதைப் பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். பார்த்துக் கொடுத்தேன். நாலு பிழை. பிழை போனபிறகு நல்ல சுவரொட்டியாக இருந்தது, நான் ஒருநாளும் எழுந்து நடக்கவில்லை. நஸ்ரீன் கேட்டாள் இன்று மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தபோது. பக்கத்து மேஜைப் பெண், வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கலகலவென்று பேசுவாள், இந்த ஒரு மாதமாக அவளும் பேசுவதில்லை. "என்னக்கா, ஒரு மாதிரி நடக்கறீங்க?" "ஒண்ணுமில்லம்மா, கால் மரத்துப்போச்சு." "மரத்துப்போனா உதறுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள், அவளுடைய வட்டம் மஞ்சளாகிவிட்டது. மனதில் உள்ளதைச் சக ஊழியரிடம் பேசுங்கள். எப்படிப் பேசுவது? இரண்டு பேரில் ஒருத்தர் போகவேண்டும், அது நீயா நானா என்று இரண்டு பேருக்கும் தெரியாது, அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள், ஒரு மருந்து இருக்கும்.

அடுத்த பத்தி. இன்னும் நிறைய இருக்கிறது, ஐந்து மணிக்குள் கேட்டிருக்கிறார்கள். யார் யாருக்கு இது அதிகம் வரும் என்று காரணங்களை வரிசையாகச் சொல்கிற பத்தி. வயது. சரி. பரம்பரை. இல்லை. பருமன். கொஞ்சம். போதுமான அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இங்கே ஒரு இடைவெளி அதிகமாக இருக்கிறது, எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போக முடியவில்லை. திரும்ப அதே வரி. போதுமான அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் தடித்துப்போகும், தடித்த ரத்தம் மடங்கிய காலில் தேங்கும், தேங்கின இடத்தில் உறையும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். பிழையே இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, வந்தால் திரை மங்கும் என்று கண்ணை அகல வைத்துக்கொண்டேன். நான் கடைசியாக வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது எப்போது?

டாக்டர் அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொன்னார். காபி, ரசம், மோர், மாத்திரைக்கு ஊற்றுகிற வாய், எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி மேஜை மேல் வைத்துவிடுவேன், ராத்திரி படுக்கும்வரை அதுதான். முதல் கோடையில் அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, காலிப் பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கை நனைக்க ஒரு துண்டு ஐஸ் கொடுப்பேன், குழந்தைமாதிரி கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்வார். எப்படித் தண்ணீர் குடித்த மனுஷன்! கல்யாணம் பேசி முடித்தபிறகு ஒருநாள் அவருடைய பள்ளிக்கூடத்துப் பக்கமாகப் போனேன், மைதானத்துக் குழாயடியில் நின்று சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார், தொண்டைமணி ஏறி ஏறி இறங்கியது, பாதித் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது, அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரோடு இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தது அந்த வேலிக்கு இந்தப் பக்கம்தான். அந்தத் தொண்டைக்கு முன்னால் நின்று நான் எப்படிச் சொம்பைத் தூக்குவது? முதலில் அவர் குளிக்கப் போகும்போது அடுப்படியில் குடித்தேன். அடுப்படியிலிருந்து குளியலறைக்கு எல்லாச் சத்தமும் கேட்கும், தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு, அதையும் விட்டேன். ஆபீசில் குடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஆபீசில் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், போனால் மஞ்சள். அங்கே அவருக்காக, இங்கே வட்டத்துக்காக. சாப்பாட்டோடு இரண்டு வாய், மாத்திரை போட்டால் இரண்டு வாய். பழகிவிட்டது. தாகம் எடுப்பதே நின்றுவிட்டது. நான் அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன், மற்றப் பெண்டாட்டிகள் என்ன செய்துவிட்டார்கள், நான் தாகத்தையே பங்கு போட்டுக்கொண்டேன் என்று. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததிலும் ஒரு பெருமை.

அந்த ரத்தக்கட்டி பெயர்ந்து போனால் என்ன ஆகும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. காலில் உறைந்தது ஒருநாள் பெயர்ந்து ரத்தத்தோடு மேலே ஏறி நுரையீரலில் போய் அடைக்கும். மூச்சு வாங்கும். நெஞ்சு குத்தும். சிலருக்கு இது ஒன்றும் தெரியாமலே முடிந்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள், அந்த வாக்கியத்தில் மட்டும் கமாக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. இப்போது நான் விடுகிற மூச்சு சரியான மூச்சா? கவனித்தால் எல்லா மூச்சும் தப்பாகத் தெரிகிறது. இங்கேயே, இப்போதே, கை விசைப்பலகை மேல் இருக்கும்போதே ஆனால்? கொஞ்ச நேரம் வட்டம் பச்சையாக இருக்கும், அப்புறம் மஞ்சள், அப்புறம் கிருபா வருவான். பயமாக இருக்கிறது. சாவுக்குப் பயம் என்று சொன்னால் பொய், சாவு என்பது எனக்கு இன்னும் ஒரு வார்த்தையாகத்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவரை டயாலிசிஸுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, அதற்குத்தான் பயம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கை திருச்சியில் இருக்கிறாள். ஊசி குத்துகிற கையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பார், முடிந்தபிறகு தலை சுற்றினால் எந்த பிஸ்கெட்டைக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். நான் போனால் இன்சூரன்ஸும் என்னோடு போகும். அப்படியானால் நான் சாகவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. உட்கார்ந்தால் ஒரு கணக்கில் அவர் பிழைப்பார், இன்னொரு கணக்கில் இரண்டு பேரும் போவோம். இதில் எங்கே கமா போடுவது என்று தெரியவில்லை.

கிருபா பின்னால் வந்து நின்றான். செண்ட் வாசனையில் தெரிந்துவிடும். "அக்கா, அந்தக் கால் கட்டுரை எந்த மட்டுல இருக்கு?" கால் கட்டுரை! "முடிஞ்சிடும் தம்பி." "நல்ல வேளை, உங்ககிட்ட குடுத்தேன். மத்தவங்க கிட்ட குடுத்தா ரெண்டு தடவ திரும்பி வரும்." சொல்லிவிட்டு நிற்கிறான், நல்லவன், தோளைத் தட்டிக் கொடுக்கலாமா என்று கை லேசாக வந்து திரும்பிப் போனது. அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "தம்பி" என்றேன். "என்னக்கா?" "ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன்." அவன் போய்விட்டான். சீ, என்று என்னையே திட்டிக்கொண்டேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். இடது காலில் எடை விழுந்ததும் கெண்டைக்குள் யாரோ கையை விட்டுப் பிழிகிறமாதிரி இருந்தது, தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. யாரும் திரும்பவில்லை, எல்லோருக்கும் வட்டம். அப்போதுதான் போன் அதிர்ந்தது, அவர்.

"கோதை, ஆட்டோக்காரர் இன்னிக்குச் சீக்கிரமே வந்துடறேன்னு சொல்றாரு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறியா?" வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன், எப்போதும் சொல்கிற வார்த்தை, அதற்கு யோசனையே வேண்டியதில்லை. "ஏங்க, எனக்குக் கால் வீங்கியிருக்குங்க" என்று வந்தது. அந்தப் பக்கம் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் வீக்கம் என்றால் அவருடைய வீக்கம்தான், இத்தனை வருஷமாக அந்த வார்த்தை அவருக்கே சொந்தம். "ரெண்டு காலுமா?" என்றார். "இல்ல. இடது மட்டும்." "நல்லாப் பாத்தியா? வலது காலத் தொட்டுப் பாரு." தொட்டுப் பார்த்தேன், வலது கால் தன்பாட்டுக்குக் குளிர்ந்துபோய் இருந்தது. "ஒண்ணுமில்ல. இடதுதான். சுடுது." "அப்ப இது நம்ம வீக்கம் இல்ல" என்றார். குரல் மாறிவிட்டது. "நம்முது வந்தா ரெண்டு பக்கமும் சமமா வரும். இது வேற. எப்பருந்து?" "ஞாயித்துக்கெழமை." "ஞாயித்துக்கெழமையா? எங்கிட்ட ஏன் சொல்லல?" "உங்களுக்கே ஆயிரம் இருக்கு." "கேட்டனா நான்?" என்று கத்தினார், மைதானத்தில் கத்துகிறமாதிரி, ஆனால் கத்தி முடிப்பதற்குள் மூச்சு போய்விட்டது.

"இப்ப திருத்திட்டிருக்கற கட்டுரையில அதுதான் போட்டிருக்கு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அவர் கத்தியதும் எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் போல இருந்தது. "உக்காந்தே இருக்கறவங்களுக்கு வருமாம். தண்ணி குடிக்கலன்னா சீக்கிரம் வருமாம்." கடைசியில் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "தெரியும்டி" என்றார். "என்ன தெரியும்?" "நீ வீட்ல தண்ணி குடிக்கறதில்லன்னு. மொதல்ல நான் குளிக்கப் போறப்ப குடிப்ப. அப்புறம் அதையும் விட்டுட்ட." "தெரிஞ்சா சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?" "சொன்னா நீ குடிச்சிடுவியே" என்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாரோ இருந்து கேட்டுவிடுவார்கள் என்பதுபோல, "வீட்ல இன்னொருத்தரும் தாகமா இருக்கறாங்கன்னு எனக்கு அது ஒரு துணையா இருந்துச்சு கோதை. அதான் சொல்லல. இவ்வளவு நாளும் சொல்லல." அழுதார். சிறுநீரகம் போயிற்று என்று தெரிந்தபோதும் அழாத மனுஷன். எனக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன், நான் ரகசியமாக வைத்திருந்த பெருமையை இவர் எனக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருந்திருக்கிறார். கோபத்துக்குப் பின்னாலேயே, என்ன சொல்வது, அப்படியாவது உங்களுக்குத் துணையாக இருந்தேனே என்று ஒரு நினைப்பும் வந்தது, வந்த வேகத்தில் அதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. இப்படியே விட்டால் நான் திரும்பவும் கமாவுக்குப் போய்விடுவேன், அவர் திரும்பவும் பாட்டிலுக்குப் போய்விடுவார், இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டே காய்ந்துபோவோம்.

"வேலை போயிடுங்க. உங்க டயாலிசிஸ்" என்று ஆரம்பித்தேன். "போவட்டும். கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயும் மிஷின் இருக்கு, வரிசையில நிக்கறேன். எனக்கு நிக்கத் தெரியும்" என்றார். "நீ எழுந்திரிக்காத. காலை அசைக்காத. யாரையாவது கூப்பிடு. சத்தமா கூப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்." சத்தமாகக் கூப்பிடுவது எப்படி என்று இந்தக் கட்டடத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. "நஸ்ரீன்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. "நஸ்ரீன்!" மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வந்தாள், சேலைக்குக் கீழே சாக்ஸ் இறங்கின காலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்தக் காலோடவாக்கா உக்காந்திருந்தீங்க?" அவள் போட்ட சத்தத்தில் கிருபா ஓடிவந்தான், "பூங்கோதை அக்கா" என்றான், இன்றைக்கு அந்த முழுப்பெயரில் வில்லங்கம் எதுவும் இல்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. "காரை எடுக்கறேன், லிஃப்டு வரைக்கும் இந்த நாற்காலியோடவே தள்ளிட்டு வந்துடுங்க" என்று நஸ்ரீனிடம் சொல்லிவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினான். என் வட்டம் மஞ்சளாகிவிட்டிருந்தது. பக்கத்து வட்டமும். நஸ்ரீன் தன் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தாள், நெற்றியில் வேர்த்துக்கொண்டிருந்த எனக்கு அதைத் தவிர வேறென்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது கையில் போன். வலது கையில் தண்ணீர். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் போனின் வாயை அதைப் பிடித்திருந்த உள்ளங்கையாலேயே இறுக்க மூடினேன், குடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது. அவருக்கு அதுவும் தெரிந்துவிட்டது.

"கைய எடு கோதை" என்றார். "கேக்கட்டும்."

கையை எடுத்துவிட்டுக் குடித்தேன். பாட்டில் காலியாகும்வரை அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.